சுவிட்சில் கை வைத்திருக்கும் தம்பி தங்கைகளுக்கு

அன்புள்ள தம்பிகளுக்கும் தங்கைகளுக்கும்,

இணையச் சேவை நிறுவனங்களின் நெட்வொர்க் அறையில் நைட் ஷிஃப்ட் பார்க்கிற உங்களுக்குத்தான் இந்த மடல். அமைச்சருக்கும் நீதிபதிக்கும் எழுத ஆட்கள் இருக்கிறார்கள். உங்களுக்கு யாரும் எழுதுவதில்லை. ஒரு தளம் முடங்கினால் மறுநாள் பேப்பரில் "மத்திய அரசு முடக்கியது" என்று வரும். மத்திய அரசு தன் கையால் எதையும் முடக்குவதில்லை. டெல்லியிலிருந்து ஒரு மெயில் வருகிறது. அதைப் பார்த்து கீபோர்டில் நாலு வரி தட்டுகிறவர் அம்பத்தூரிலோ தரமணியிலோ மதுரையிலோ உட்கார்ந்திருக்கிறார். பதினெட்டு வருடம் நானும் அப்படி உட்கார்ந்திருந்தேன். இப்போது ஓய்வு பெற்று, சர்க்கரை மாத்திரையும் காலை நடையுமாக இருக்கிறேன். என் அப்ரைசலில் கை வைக்க இனி யாரும் இல்லை என்பதால் கொஞ்சம் மனம் விட்டுப் பேசலாம்.

அந்த மெயிலைப் பற்றி உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. வெளியிலிருந்து இதைப் படிப்பவர்களுக்காகச் சொல்கிறேன். என் அனுபவத்தில் அது பெரும்பாலும் மாலை ஆறுக்கு மேல்தான் வரும், அதுவும் வெள்ளிக்கிழமையாகப் பார்த்து. ஸ்கேன் செய்த பிடிஎஃப். காகிதம் லேசாகச் சாய்ந்திருக்கும், காப்பி பேஸ்ட் செய்ய முடியாது. மேலே "மிக அவசரம்", கீழே ஒரு கையெழுத்து, நடுவில் ஓர் அட்டவணை. வரிசை எண் ஒரு கட்டம், தள முகவரி ஒரு கட்டம். ஏன் என்பதற்குக் கட்டமே கிடையாது. முகவரி நீளமாக இருந்தால் பாதியில் உடைந்து அடுத்த வரியில் விழுந்திருக்கும். அது எல் எழுத்தா, ஒன்று என்ற எண்ணா என்று கண்ணாடியைத் துடைத்துத் துடைத்துப் பார்க்க வேண்டும். ஆணை கிடைத்தது என்று இரண்டு மணி நேரத்துக்குள் பதில் போட வேண்டும் என்கின்றன 2009ஆம் ஆண்டின் தடை விதிகள். நிறைவேற்றாவிட்டால் ஏழாண்டு வரை சிறை என்கிறது தகவல் தொழில்நுட்பச் சட்டத்தின் 69ஏ பிரிவு. மேலாளர் நாற்காலிக்குப் பின்னால் வந்து நின்று, "முடிச்சிட்டியாப்பா?" என்பார். ஏன் எதற்கு என்று கேட்க அந்த நேரத்தில் யாருக்குத் தோன்றும்?

எனக்கும் தோன்றவில்லை. என் கதையை முதலில் சொல்லிவிடுகிறேன், பிறகு உங்களுக்குச் சொல்வதில் கொஞ்சம் நியாயம் இருக்கும்.

வருடம் வேண்டாம், நிறுவனத்தின் பெயரும் வேண்டாம். பட்டியலில் ஒரு தளம் இருந்தது. அன்று எங்களிடமிருந்த கருவியில் எளிதான வழி, அந்தத் தளம் இருக்கும் ஐபி முகவரியையே அடைத்துவிடுவது. அடைத்தேன். மலிவு விலை சர்வர்களில் ஒரே முகவரியில் ஐம்பது நூறு தளங்கள் ஒண்டுக்குடித்தனம் இருக்கும் என்பது எனக்குத் தெரியாததில்லை. வீட்டுக்குப் போகும் அவசரம். நான்கு நாள் கழித்து ஒரு புகார் டிக்கெட் என் வரிசையில் வந்து விழுந்தது. ஓய்வு பெற்ற கணக்கு வாத்தியார் ஒருவர், பிளஸ் டூ பழைய வினாத்தாள்களை விடையோடு போட்டு ஒரு சின்னத் தளம் நடத்துகிறார். அவருடைய தளத்தை அவராலேயே திறக்க முடியவில்லை. அது நாங்கள் அடைத்த முகவரியில்தான் இருந்தது. பார்த்த உடனே தெரிந்துவிட்டது. தெரிந்தும் நான் எழுதிய பதில்: எங்கள் தரப்பில் கோளாறு இல்லை, மோடத்தை ஒருமுறை ஆஃப் செய்து ஆன் செய்யவும். டிக்கெட்டை மூடினேன். அவர் மறுபடி கூப்பிட்டார், வேறொருவர் அதே பதிலைச் சொன்னார். பொதுத்தேர்வுக்கு மூன்று வாரம் இருந்த நேரம். பாவம், அந்த மனுஷன் மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்துகொண்டே இருந்திருப்பார்.

அவர் அரசை எதிர்த்து ஒரு வரி எழுதியவர் இல்லை. அவரை அரசும் தடுக்கவில்லை. தடுத்தது நான்.

"எய்தவன் இருக்க அம்பை நோவானேன்" என்று கேட்பீர்கள். அம்பு பி.இ. படித்ததில்லை தம்பி. எந்தப் பக்கம் போகிறோம், வழியில் யார் மேல் உரசுவோம் என்று அதற்குத் தெரியாது. நமக்குத் தெரியும். ஆணையில் கையெழுத்துப் போடும் அதிகாரிக்குக்கூடத் தெரியாத ஒரு விஷயம் நமக்குத் தெரியும். இந்த மடலை எழுதக் காரணமே அதுதான்.

அந்த விஷயம் இது. இன்று ஏறக்குறைய எல்லாத் தளங்களும் பூட்டுப் படம் போட்ட ஹெச்டிடிபிஎஸ்ஸில் ஓடுகின்றன. வாசகர் எந்தத் தளத்துக்குப் போகிறார் என்பது நம் கருவிக்குத் தெரியும். அந்தத் தளத்தில் எந்தப் பக்கத்தைப் படிக்கிறார் என்பது தெரியாது. ஆணையில் ஒரே ஒரு பக்கத்தின் முகவரி இருந்தாலும், அந்தப் பக்கத்தை மட்டும் தடுக்க நம்மிடம் வழி இல்லை. ஒன்று, முழுத் தளத்தையும் மூட வேண்டும். அல்லது விட வேண்டும். கத்தரிக்கோல் கேட்டவர்களுக்கு நாம் கோடாலியைக் கொடுக்கிறோம், அது கோடாலி என்று சொல்லாமல் கொடுக்கிறோம். டிஎன்எஸ்ஸில் பொய் விலாசம் சொல்வது, இணைப்பு தொடங்கும்போது தளத்தின் பெயரை ஒட்டுக்கேட்டு அறுப்பது, ஐபியை அடைப்பது என வழிகள் மூன்று நான்கு இருந்தாலும் எல்லாமே கோடாலிதான்.

விகடனுக்கு நடந்தது நினைவிருக்கிறதா? 2025 பிப்ரவரியில் அமெரிக்கா இந்தியர்களைக் கைவிலங்கு போட்டு ராணுவ விமானத்தில் திருப்பி அனுப்பிக்கொண்டிருந்தது. 10ஆம் தேதியிட்ட விகடன் பிளஸ் மின்னிதழில் ஒரு கேலிச்சித்திரம் வந்தது: டிரம்ப் பக்கத்தில் பிரதமர் மோடி கைவிலங்கோடு உட்கார்ந்திருப்பதாக. அன்றைய பாஜக மாநிலத் தலைவர் அண்ணாமலை புகார் கொடுத்தார். 15ஆம் தேதி மாலை பலருக்கு விகடன் தளம் திறக்கவில்லை. தகவல் ஒலிபரப்பு அமைச்சகத்தின் நோட்டீஸ் விகடனுக்குப் போனது அதற்குப் பிறகு. முதலில் பூட்டு, பிறகு விசாரணை. மார்ச் 6ஆம் தேதி சென்னை உயர் நீதிமன்றம், அந்தக் கேலிச்சித்திரத்தை மட்டும் தற்காலிகமாக எடுத்துவிட்டுத் தளத்தைத் திறக்கச் சொன்னது. இடையில் ஏறத்தாழ மூன்று வாரம், 1926இலிருந்து வந்துகொண்டிருக்கும் ஒரு பத்திரிகையின் இணையதளம் முழுக்கப் பலருக்கு இருட்டு. சமையல் குறிப்பு, ராசிபலன், வேளாண்மைக் கட்டுரை, இருபது வருடத் தொகுப்பு எல்லாம் ஒரே ஒரு படத்துக்காக. மூட்டைப்பூச்சிக்குப் பயந்து வீட்டைக் கொளுத்துவது என்பார்கள். இங்கே அது மூட்டைப்பூச்சிதானா என்பதே வழக்கு.

1987இல் இதே விகடனின் ஆசிரியர் எஸ். பாலசுப்ரமணியனை, சட்டமன்ற உறுப்பினர்களையும் அமைச்சர்களையும் கிண்டல் செய்த ஓர் அட்டைப்பட ஜோக்குக்காகத் தமிழக சட்டமன்றம் சிறைக்கு அனுப்பியது. எதிர்ப்பு கிளம்பியதும் சில நாட்களிலேயே விட வேண்டியதாயிற்று. அன்று ஆசிரியர் உள்ளே இருந்தார், இதழ் வெளியே இருந்தது, பெட்டிக்கடையில் கொடியில் தொங்கியது. இன்று யாரும் சிறைக்குப் போக வேண்டியதில்லை, இதழ் மட்டும் காணாமல் போகிறது. யார் எடுத்தார்கள் என்றும் தெரிவதில்லை. எது மோசம் என்று எனக்கு இன்னும் தீர்மானம் வரவில்லை.

கோடாலி வேலை நமக்குப் புதிதில்லை. 2003இல் மேகாலயாவின் தடை செய்யப்பட்ட அமைப்பு ஒன்றோடு தொடர்புடையது என்று யாஹூவில் இருந்த ஒரு சின்னஞ்சிறு மடற்குழுவை மூடச் சொன்னது அரசு. அந்தக் குழுவை மட்டும் மூடத் தெரியாத நிறுவனங்கள், யாஹூ குழுமங்கள் மொத்தத்தையும் மூடின. 2006 ஜூலையில், மும்பை ரயில் குண்டுவெடிப்புக்குப் பின் இருபதுக்கும் குறைவான முகவரிகளுடன் ஒரு பட்டியல் வந்தது. நாம் என்ன செய்தோம்? பிளாக்ஸ்பாட்டையே மூடினோம். தமிழில் வலைப்பதிவுகள் பூத்துக் குலுங்கிய காலம் அது. நம் ஆட்களில் பெரும்பாலானோர் அங்கேதான் எழுதிக்கொண்டிருந்தார்கள். பட்டியலில் இருக்கும் பக்கங்களை மட்டும் மூடுங்கள் என்று தொலைத்தொடர்புத் துறையே திரும்பச் சொல்ல வேண்டி வந்தது. 2012 மேயில் "3" படத்தின் திருட்டுப் பிரதிகளைத் தடுக்க சென்னை உயர் நீதிமன்றத்தில் வாங்கிய ஆணையை வைத்து விமியோ, டெய்லிமோஷன் எல்லாவற்றையும் அடைத்தோம். கொலவெறிப் பாட்டை உலகமே இணையத்தில் இலவசமாகக் கேட்டுத் தீர்த்த படத்துக்கு இந்தப் பாதுகாப்பு. குறிப்பிட்ட முகவரிகளை மட்டும் தடுத்தால் போதும் என்று ஜூனில் நீதிமன்றம் தெளிவாக்கியது. 2014 டிசம்பரில் வந்த 32 தளப் பட்டியலில், நிரல் எழுதும் நம்மைப் போன்றவர்கள் புழங்கும் கிட்ஹப் இருந்தது. அன்றுதான் நம் ஆட்களுக்கே கோபம் வந்தது. நம் வீட்டுக் குழாயில் தண்ணீர் நின்றால்தான் நமக்குத் தாகம் தெரிகிறது.

2014இல் 69ஏ பிரிவின்கீழ் முடக்கப்பட்ட முகவரிகள் 471. 2020இல் 9,849. அரசே நாடாளுமன்றத்தில் கொடுத்த கணக்கு இது. பிடிஎஃப் நீண்டுகொண்டே போகிறது.

சரி, சட்டம் என்ன சொல்கிறது? வக்கீல் வேலை நமக்கு எதற்கு என்று நினைக்காதீர்கள். ரூட்டரின் மேனுவலைப் படிக்கிற மாதிரி இதையும் ஒருமுறை படித்து வைப்பது நல்லது.

தகவல் தொழில்நுட்பச் சட்டத்தில் 66ஏ என்று ஒரு பிரிவு இருந்தது. 2012இல் புதுச்சேரியில் ஒரு சிறு வியாபாரி, அன்றைய மத்திய அமைச்சரின் மகனைப் பற்றி ட்விட்டரில் ஒரு வரி எழுதினார் என்று அதில்தான் அதிகாலையில் கைதானார். அவரைப் பின்தொடர்ந்தவர்கள் இருபது பேர்கூட இல்லை. அதே ஆண்டு மும்பை பக்கம் பால்கரில் பால் தாக்கரேயின் மறைவுக்கு ஊரை அடைப்பதேன் என்று ஒரு பெண் ஃபேஸ்புக்கில் கேட்டார், இன்னொரு பெண் அதற்கு லைக் போட்டார், இருவரையும் பிடித்தார்கள். 2015 மார்ச் 24 அன்று ஷ்ரேயா சிங்கால் வழக்கில் உச்ச நீதிமன்றம் அந்தப் பிரிவை ரத்து செய்தது. ரத்தான பிறகும் பல வருடம் காவல் நிலையங்களில் அதே பிரிவில் வழக்குப் போட்டுக்கொண்டிருந்தார்கள். 2022இல் நீதிமன்றம் மறுபடி கூப்பிட்டு நிறுத்தச் சொல்ல வேண்டியிருந்தது. செத்த பிரிவுக்கு இத்தனை ஆயுசு.

உங்களுக்கு முக்கியமானது அந்தத் தீர்ப்பின் இன்னொரு பாதி. தளங்களை முடக்கும் 69ஏ பிரிவையும் அதே வழக்கில்தான் எதிர்த்தார்கள். நீதிமன்றம் அதை ரத்து செய்யவில்லை. ஏன் செய்யவில்லை என்பதற்கு அது சொன்ன காரணத்தைப் பாருங்கள்: இந்தப் பிரிவில் பாதுகாப்புகள் இருக்கின்றன. நாட்டின் இறையாண்மை, பாதுகாப்பு, பொது ஒழுங்கு மாதிரி குறிப்பிட்ட சில காரணங்களுக்கு மட்டுமே முடக்கலாம். காரணத்தை எழுத்தில் பதிய வேண்டும். எழுதியவரை அடையாளம் காண முடிந்தால் அவர் தரப்பைக் கேட்க வேண்டும். காரணம் எழுத்தில் இருந்தால்தானே பாதிக்கப்பட்டவர் உயர் நீதிமன்றம் போக முடியும்? இந்தப் பாதுகாப்புகளை எடுத்துவிட்டால் பிரிவு நிற்பதற்குக் கால் இல்லை.

நடப்பது வேறு. 2009 தடை விதிகளின் எட்டாம் விதியில், தகவலை வெளியிட்ட "நபரை அல்லது இடைநிலையாளரை" கண்டுபிடித்து நோட்டீஸ் தர வேண்டும் என்று இருக்கிறது. அந்த "அல்லது" போதும். தளம் நடத்தும் நிறுவனத்துக்கு ஒரு நோட்டீஸ், எழுதியவருக்குத் தகவலே இல்லை. விதி பதினாறு எல்லாவற்றையும் ரகசியமாக வை என்கிறது. காரணம் எழுத்தில் இருக்க வேண்டும், ஆனால் அந்த எழுத்தை யாரும் பார்க்கக் கூடாது. அப்புறம் எதை வைத்து வழக்குப் போடுவது?

திரைப்பட விமர்சகர் தனுல் தாக்கூர் வரதட்சணையைக் கிண்டல் செய்து ஒரு தளம் வைத்திருந்தார். மாப்பிள்ளையின் படிப்பு, வேலை, சம்பளம் எல்லாம் போட்டால் எவ்வளவு வாங்கலாம் என்று கணக்குப் போட்டுக் காட்டும். நம் கல்யாணத் தரகர்கள் மனசுக்குள் போடுகிற கணக்குதான், இவர் கம்ப்யூட்டரில் போட்டுக் காட்டினார். வரதட்சணையை ஊக்குவிக்கிறது என்று 2018இல் அதை முடக்கினார்கள். கிண்டல் புரியாத குற்றத்துக்கு யாரை முடக்குவது என்று தெரியவில்லை. எந்த ஆணை, என்ன காரணம் என்று அவருக்கு எதுவும் தரப்படவில்லை. ஆணையின் நகலைக் கொடுத்து அவர் தரப்பையும் கேளுங்கள் என்று டெல்லி உயர் நீதிமன்றம் சொல்ல 2022 மே ஆனது. நான்கு வருடம். அதுவும் வழக்குப் போட வசதியும் தெம்பும் இருந்தவருக்கு. கணக்கு வாத்தியார் எங்கே போவார்?

இனி மொத்தமாகவே அணைக்கிற விஷயம். 2018 மே 22 அன்று தூத்துக்குடியில் ஸ்டெர்லைட் எதிர்ப்பு ஊர்வலத்தில் துப்பாக்கிச் சூடு நடந்தது. பதின்மூன்று உயிர். மறுநாள் தூத்துக்குடி, திருநெல்வேலி, கன்னியாகுமரி மூன்று மாவட்டங்களுக்கும் இணையத்தை நிறுத்தும்படி உள்துறைச் செயலரின் ஆணை வந்தது. வதந்தி பரவாமல் இருக்கவாம். அந்த வாரம் எங்கள் அறையில் இருந்த பையன் ஒருவன் தூத்துக்குடிக்காரன். திரையில் அவன் மாவட்டத்தின் டிராஃபிக் கோடு செங்குத்தாக விழுந்து தரையோடு தரையாகப் படுத்தது. அதைப் பார்த்துக்கொண்டே வீட்டுக்கு ஃபோன் போட்டான். குரல் அழைப்பு போனது. "என்னம்மா நடக்குது அங்க?" என்று கேட்டான். அம்மா, "எங்களுக்கு என்னப்பா தெரியும், நீதான் மெட்ராஸ்ல இருக்க, டிவியில என்ன சொல்றான்?" என்றார்கள். பக்கத்துத் தெருவில் நடந்ததைத் தெரிந்துகொள்ள அறுநூறு கிலோமீட்டர் தள்ளி இருக்கிற மகனைக் கேட்க வேண்டியிருந்தது. அவன் மவுஸை நகர்த்தி வேறு திரைக்குப் போய்விட்டான். நாங்கள் யாரும் எதுவும் பேசவில்லை.

சுடப்பட்ட ஊரில் யார் இருக்கிறார்கள், யார் இல்லை, எந்த ஆஸ்பத்திரியில் யார் என்று தெரிய வேண்டிய நேரத்தில்தான் கைபேசி வெறும் டார்ச் லைட்டாகிறது. படம் எடுத்தவர் அதை அனுப்ப முடியாது. அதிகாரத் தரப்பு சொல்வது மட்டும் செய்தியாக நிற்கும். வதந்தியைத் தடுத்தோம் என்பார்கள். தடுக்கப்பட்டது சாட்சியம்.

காஷ்மீரில் 2019 ஆகஸ்டில் அணைத்த இணையம், 4ஜி வேகத்தோடு திரும்ப 2021 பிப்ரவரி ஆயிற்று. நடுவில் 2ஜியில் சில தளங்களை மட்டும் திறந்துவிட்டார்கள், முதல் பட்டியலில் 153. உங்களுக்குப் புரியும், இது எவ்வளவு அபத்தம் என்று. ஒரு வங்கித் தளத்தின் பெயரைப் பட்டியலில் போட்டால் போதுமா? அதன் எழுத்துரு ஒரு சர்வரிலிருந்து வரும், பட்டன் வேலை செய்வதற்கான ஸ்கிரிப்ட் இன்னொன்றிலிருந்து வரும். அவை பட்டியலில் இல்லை. பக்கம் திறக்கும், எதை அழுத்தினாலும் அசையாது. காஷ்மீர் டைம்ஸ் ஆசிரியர் அனுராதா பாசின் போட்ட வழக்கில் 2020 ஜனவரி 10 அன்று உச்ச நீதிமன்றம் சொன்னது: இணையம் வழியே பேசுவதும் தொழில் செய்வதும் அரசியல் சட்டத்தின் 19ஆம் பிரிவின் பாதுகாப்புக்குள் வரும். காலவரையின்றி இணையத்தை நிறுத்துவது கூடாது. நிறுத்தும் ஆணைகளை வெளியிட வேண்டும். நல்ல தீர்ப்பு. ஆனால் அன்று இணையத்தைத் திறக்கச் சொல்லி ஆணையிடவில்லை. மறு ஆய்வு செய்யச் சொன்னது, அவ்வளவே. ராஜஸ்தானில் 2021இல் ஆசிரியர் தகுதித் தேர்வில் காப்பி அடிக்காமல் இருக்கப் பல மாவட்டங்களில் மொபைல் இணையத்தை நிறுத்தினார்கள். உலக அளவில் இதைக் கணக்கெடுக்கும் ஆக்சஸ் நவ் அமைப்பின்படி இந்தியாவில் 2023இல் 116 முறை, 2024இல் 84 முறை. இந்த எண்ணிக்கையில் ஒவ்வொரு தடவையும் யாரோ ஒருவர் எண்டர் தட்டியிருக்கிறார்.

தடையே கூடாது என்று சொல்ல வரவில்லை. குழந்தைகளை வதைக்கும் படங்கள் பட்டியலில் வந்தபோது ஒரு நொடி தயங்காமல் அடைத்திருக்கிறேன், நீங்களும் அப்படியே செய்யுங்கள். தூத்துக்குடிக்கு இரண்டு வாரம் முன்புதான், பிள்ளை பிடிக்கிறார்கள் என்ற வாட்ஸ்அப் வதந்தியை நம்பி, திருவண்ணாமலை மாவட்டத்தில் குலதெய்வக் கோயிலுக்கு வந்த ஒரு வயதான அம்மாவை ஊரே கூடி அடித்துக் கொன்றது. குழந்தைகளுக்கு மிட்டாய் கொடுத்தார், அதுதான் அவர் செய்த தப்பு. அந்தச் செய்தியைப் படித்த இரவு, இந்தக் கம்பிகளையெல்லாம் வெட்டி எறிந்தால் என்ன என்று எனக்கும் தோன்றியது. மறுநாள் யோசித்தால், வதந்தி ஊர் வாயிலும் இருந்தது. கம்பியை வெட்டினால் "அது பொய்" என்று காவல்துறை சொல்வதும் போய்ச் சேராது. தேவைப்பட்டது அந்தப் பொய்யைப் பரப்பியவனைப் பிடிப்பது. மாவட்டத்தையே இருட்டில் போடுவது சுலபம், ஒருவனைத் தேடிப் பிடிப்பது கஷ்டம். அதிகாரம் எப்போதும் சுலபமானதைத்தான் எடுக்கும்.

ஆகவே உங்களைக் கலகம் செய்யச் சொல்லவில்லை. ஹோம் லோன் இருக்கிறது, பிள்ளைக்கு ஸ்கூல் ஃபீஸ் இருக்கிறது, ஏழாண்டு சிறை என்று சட்டத்திலேயே எழுதியிருக்கிறது. உங்கள் வேலையை ஒழுங்காகச் செய்யுங்கள் என்று மட்டும் கேட்கிறேன். அதுவே போதும், பாதி அக்கிரமம் நின்றுவிடும்.

ஒழுங்காக என்றால், ஃபோனில் வருவது ஆணை இல்லை. "சார் சொல்லிட்டாரு, இப்ப மூடுங்க, ஆர்டர் காலைல வந்துரும்" என்றால் மூடாதீர்கள். ஒரு மாநிலத்தில் இணையத்தை நிறுத்தும் அதிகாரம் 2017 விதிகளிலேயே உள்துறைச் செயலருக்குத்தான் இருந்தது, தவிர்க்க முடியாத நிலையில் அவர் அதிகாரம் அளித்த இணைச் செயலர் நிலை அதிகாரிக்கு. மாவட்ட எஸ்.பி. அதைக் கொண்டுவந்து சேர்க்கலாம், தானே போட முடியாது. இப்போது அமலில் இருக்கும் 2024 விதிகளும் காரணத்தோடு, எந்தப் பகுதி என்று குறிப்பிட்டு, வெளியிட வேண்டும் என்கின்றன. ஒரு ஆணைக்குப் பதினைந்து நாளுக்கு மேல் ஆயுள் இல்லை. எழுத்தில் ஆணை எங்கே என்று பணிவாகக் கேட்க எந்தச் சட்டமும் உங்களைத் தடுக்கவில்லை. "மெயில்ல அனுப்பிடுங்க சார், உடனே பண்ணிடறோம்" என்று சொல்லிப் பாருங்கள். பாதி ஃபோன்கள் மறுபடி வராது.

ஒரு பக்கத்தின் முகவரி வந்தால், இதை மட்டும் தடுக்க எங்களால் முடியாது, முழுத் தளமும் போகும், இத்தனை ஆயிரம் பக்கங்கள் சேர்ந்து போகும் என்று எழுத்தில் பதில் போடுங்கள். நீங்கள் மறுக்கவில்லை, ஒரு தொழில்நுட்ப உண்மையைச் சொல்கிறீர்கள். நாளை நீதிமன்றத்தில் அந்த ஒரு மெயில் எவ்வளவு பேசும் தெரியுமா? பட்டியலில் இல்லாத எதையும் "இதுவும் அந்த மாதிரிதான்" என்று சேர்த்து அடைக்காதீர்கள். பெங்களூரு இணையம் மற்றும் சமூக மையத்தின் ஆய்வாளர்கள் 2020இல் பெரிய நிறுவனங்களைச் சோதித்தபோது, ஆளுக்கு ஒரு பட்டியல் ஓடிக்கொண்டிருந்தது. ஒரே நாடு, ஒரே சட்டம், சிம் கார்டை மாற்றினால் வேறு இணையம். அது டெல்லி செய்த வேலை இல்லை.

வாசகரிடம் பொய் சொல்லாதீர்கள். "சர்வர் கிடைக்கவில்லை" என்று காட்டுவது பொய். சட்டக் காரணத்தால் தடுக்கப்பட்டது என்று சொல்ல 451 என்று ஒரு எண்ணையே 2016இல் இணையத் தரமாக வைத்தார்கள். புத்தகம் எரிக்கும் தேசத்தைப் பற்றிய ரே பிராட்பரியின் நாவல் தலைப்பிலிருந்து எடுத்த எண். பூட்டுப் படம் போட்ட ஹெச்டிடிபிஎஸ் தளங்களில் அதைக் காட்டுவது கஷ்டம், ஒப்புக்கொள்கிறேன். குறைந்தபட்சம் கஸ்டமர் கேரில் உட்காரும் பெண்ணுக்கு, "இது அரசு ஆணைப்படி தடுக்கப்பட்டுள்ளது" என்று சொல்ல அனுமதி வாங்கிக் கொடுங்கள். தொலைத்தொடர்புத் துறை ஆணைப்படி என்று பக்கம் காட்டும் நிறுவனங்கள் இருக்கின்றன, அவர்கள் யாரும் ஜெயிலில் இல்லை. மோடத்தை ஆஃப் செய்து ஆன் செய்யச் சொல்லாதீர்கள்.

கடைசியாக ஒன்று. மூடுவதற்கு இரண்டு மணி நேரத்தில் ஓடுகிற நாம், திறப்பதற்கு எப்போதாவது ஓடியிருக்கிறோமா? தடை நீங்கியது என்று மெயில் வந்தால் "நாளைக்குப் பாத்துக்கலாம்" என்பதுதான் நம் வழக்கம். பத்து வருடத்துக்கு முந்தைய வரிகள் கான்ஃபிகரேஷனில் அப்படியே கிடக்கும். யார் சேர்த்தது, எந்த ஆணை, யாருக்கும் தெரியாது. எடுத்தால் ஏதாவது ஆகிவிடுமோ என்று அடுத்து வருபவரும் அப்படியே விட்டுவிடுவார். நான் வேலையை விட்ட அன்று அந்தக் கோப்பில் என் பெயர் போட்ட வரிகள் நாற்பதுக்கு மேல் இருந்தன. வாத்தியாரின் தளம் இருந்த ஐபி அதில் இருந்ததா என்று நான் பார்க்கவில்லை.

இன்று ராத்திரி டிராஃபிக் குறைந்ததும் அந்தக் கோப்பைத் திறந்து பாருங்கள். ஒவ்வொரு வரிக்கும் எதிரே ஆணை எண்ணும் தேதியும் இருக்கிறதா என்று பாருங்கள். இல்லாத வரிகளைத் தனியே எடுத்து, இவற்றுக்கு ஆணை எங்கே என்று மேலாளருக்கு ஒரு மெயில் போடுங்கள். நகல் ஒன்று உங்களிடம் இருக்கட்டும்.

அன்புடன்,
உங்கள் நாற்காலியில் முன்பு உட்கார்ந்திருந்த ஒருவன்